அம்மாவுக்கு மூச்சு கொடுத்தது கருங்குரங்கு அல்ல

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். அண்ணன் மகள் என்னிடம் வந்து, "அத்தை, நீங்கதான் அப்பாவப் பத்தி எழுதணும். ஆனா கொஞ்சம் பதமா எழுதுங்க லா, எல்லாரும் படிப்பாங்க" என்று சொன்னாள். பதமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் பதினாறாம் நாள் காரியத்தன்று நம் வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்குப் பதம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள். "ஜப்பான்காரன் காலத்துல பெத்த தாய்க்குக் கருங்குரங்கு புடிச்சுக் கொடுத்துக் காப்பாத்துன புள்ள" என்று ஒருவர் ஆரம்பித்தார். பக்கத்து இலைக்காரர், "அந்த லேகியத்துல ஒரு உருண்டைதான் கொடுத்தாரு, அம்மா எந்திரிச்சு நடந்துட்டாங்க" என்று முடித்தார். பாயசம் வருவதற்குள் அந்த ஒரு குரங்கு பத்துக் குரங்காகிவிட்டது. அண்ணன் உயிரோடு இருந்தவரை யாராவது இந்தக் கதையை எடுத்தால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்விடுவார். அன்று அவர் மாலை போட்ட படமாகச் சுவரில் இருந்தார். அதனால் அவருக்குப் பதில் நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். "துக்கம் தாங்காமப் போறாங்க" என்று பேசிக்கொண்டார்களாம். துக்கம் இல்லை ஐயா, எரிச்சல்.

அண்ணன் எழுபது வருடங்களாக மறுத்து வந்த கதை அது. அவர் வாயால் சொல்லிக் கேட்காதவர்கள், அச்சில் பார்த்தாலாவது நம்புவார்களா என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அண்ணன் பிறந்தது மலையடிவாரத்தில், தாப்பா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் சேலம் ஜில்லாவிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்தவர்கள். மேலே கேமரன் மலையில் தேயிலை போடுகிறார்கள், குளிருக்குக் கூடுதலாகக் கம்பளி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். காட்டை வெட்டித்தான் அப்பா தேயிலை வைத்தார். நான் பிறந்தபோது எங்கள் லயத்துக்கு, அதாவது கூலி வரிசை வீடுகளுக்கு, முன்னால் தேயிலை, பின்னால் காடு. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு முடித்ததும் அண்ணன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கையில் எடுத்தார்.

சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரு குணம். யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் பொறுக்க மாட்டார். "அப்படி இல்லை" என்று ஆரம்பித்துவிடுவார். கல்யாண வீடு, கருமாதி வீடு, கோயில் கூட்டம் எதுவானாலும் சரி. லயத்துப் பையன்கள் அவருக்கு "அப்படியில்ல அண்ணே" என்றே பேர் வைத்திருந்தார்கள். நானும் அவரோடு சண்டை போட்ட நாட்கள் அதிகம். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தானே.

லயத்துக்குப் பின்னால் இருந்த காட்டில் ஒரு கருங்குரங்குக் குடும்பம் இருந்தது. மலாய்க்காரர்கள் சியாமாங் என்பார்கள். உடம்பெல்லாம் கரிய மயிர், நீண்ட கைகள், வால் கிடையாது. தரைக்கு வரவே வராது, மரத்துக்கு மரம் கையாலேயே தொங்கிப் போகும். காலையில் பனி விலகி வெயில் ஏறும் நேரத்தில், தொண்டை பலூன் மாதிரி உப்ப, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவும். பள்ளத்தாக்கு முழுவதும் அதிரும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு அதுதான் கடிகாரம். "குரங்கு கூவிருச்சு, கஞ்சிக்குப் போலாம்" என்று அம்மா கூடையை இறக்கிவைப்பார். அதைக் கொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அது உட்காரும் மர உச்சிக்குக் கல்கூடப் போகாது.

அந்தக் காட்டுக்குள் குடியிருந்தவர்களில் பா லாங் என்ற செமாய்க்காரர் எங்கள் வீட்டுக்கு வருவார். இப்போது அந்தப் பூர்வகுடிகளை ஓராங் அஸ்லி என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று லயத்தில் வேறொரு சொல் சொல்வார்கள், அதை இந்த மலரில் எழுத எனக்கு விருப்பமில்லை. ஊதுகுழலில் அம்பு வைத்து ஊதி வேட்டையாடுவார். முள்ளம்பன்றிக் கறியோ, காட்டு அவரை மாதிரியான பெத்தாய்க் காயோ கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு உப்பு வாங்கிப் போவார். நல்ல மனிதர், ஆனால் சிரித்த முகம் என்று சொல்ல மாட்டேன். உப்பு குறைந்தால் அடுப்படியிலேயே உட்கார்ந்துகொள்வார், அம்மா இன்னொரு கை அள்ளிப் போடும்வரை எழ மாட்டார்.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். துரை ஒரு நாள் காலையில் காரில் கீழே இறங்கிப் போனார், வரவில்லை. அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்குக் கூட்டிப் போனார்கள், அவரும் வரவில்லை. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் மிஞ்சினோம். தேயிலையை யாரும் கிள்ளாமல் அது மரமாக வளர்ந்து நின்றது. அரிசி நின்றுபோனது. கிழங்கு போட்டுத் தின்னுங்கள், அதற்குப் பின்மலைக் காட்டை வெட்டுங்கள் என்று உத்தரவு வந்தது.

அண்ணனுக்குக் கோடாலி கொடுத்தார்கள். அவர் கங்காணி மூலமாக மேற்பார்வைக்கு வந்திருந்த ஜப்பான்காரனிடம், "அப்படி இல்லை மாஸ்டர், இந்தக் குளிருக்கு மரவள்ளி வராது" என்று சொல்லிப் பார்த்தார். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அண்ணனுடைய "அப்படி இல்லை"க்கு ஊர் உலகம் கொடுத்த முதல் பதில் அது. அதற்கப்புறம் காலை முதல் மாலைவரை வெட்டினார், வேறென்ன செய்வார்? வெட்டினவனுக்குத்தான் கிழங்குப் பங்கு.

காட்டைத் திறந்ததும் உள்ளே இருந்ததெல்லாம் வெளியே ஓடிவந்தது. சருகுமான் ஒன்று எங்கள் அடுப்படிக்குள் புகுந்து விறகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. முள்ளம்பன்றி வாய்க்காலில் நடந்து போனது. கேளைமான் பகலிலேயே லயத்து வாசலில் நின்றது. பன்றிகளைச் சொல்லவே வேண்டாம். லயத்தில் ஒரே கொண்டாட்டம். "கறி வாசலுக்கு வருது லா! இம்புட்டு இருந்திருக்கு, நமக்குத் தெரியாமப் போச்சே!" என்று ஆளாளுக்குத் தடியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சாமான் நிறைய இருப்பதுபோலத்தான் தெரியும். கவிழ்த்த பெட்டி காலி என்பதை யாரும் யோசிக்கவில்லை. கொஞ்ச நாளில் மானும் இல்லை, முள்ளம்பன்றியும் இல்லை. பன்றியும் எலியும் மட்டும் மிஞ்சி, நாங்கள் நட்ட கிழங்கைத் தோண்டித் தின்றன. பா லாங் வெறுங்கையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். "ஹாபிஸ்" என்றார். தீர்ந்துபோச்சு என்று மலாயில் அர்த்தம். அம்மா அன்றைக்குச் சும்மாவே உப்பு கொடுத்து அனுப்பினார்.

நாலு கால் உள்ளது எல்லாம் ஓடிவிட்டது. கருங்குரங்கால் ஓட முடியவில்லை. மரத்துக்கு மரம் தாவினால்தான் அதற்கு வழி, மரம் இல்லையென்றால் வழியும் இல்லை. லயத்துக்குக் குடிதண்ணீர் வரும் ஓடையின் பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் மரங்களை வெட்டாமல் விட்டிருந்தார்கள். குடும்பம் முழுவதும் அந்தப் பள்ளத்தில் வந்து முடங்கியது. சுற்றிலும் வெறும் அடிக்கட்டைகள். அங்கிருந்தும் காலை தவறாமல் கூவின. முன்னைவிடக் கிட்டத்தில் கேட்டது, அவ்வளவுதான்.

வெட்டிப் போட்ட மரங்கள் காய்ந்ததும் தீ வைத்தார்கள். புகை பள்ளத்தாக்கை விட்டுப் போகவே இல்லை. லயத்துக்குள், போர்வைக்குள், சாப்பிடும் கிழங்குக்குள்கூடப் புகை. அம்மாவுக்கு இளைப்பு ஆரம்பித்தது. முன்பு எப்போதாவது வரும், இப்போது விடவே இல்லை. படுக்க முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல இழுப்பார். அப்பா போய்விட்டார், அம்மாவும் போனால் என்ன செய்வது என்று ராத்திரியெல்லாம் நான் அந்த மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன். எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸ்ஸரிடம் போனால் அவர் காலி அலமாரியைத் திறந்து காட்டினார்.

அப்போதுதான் எங்கள் கோயில் பூசாரி பண்டாரத் தாத்தா உள்ளே நுழைந்தார். நாட்டு மருந்தும் கொடுப்பார். அவருடைய பேரப்பிள்ளைகள் இந்த மலரைப் படிப்பார்கள், கோபப்படுவார்கள். படட்டும்.

"கருங்குரங்கு லேகியம் கொடுத்தா இளைப்பு ஓடிரும்பா. ஊர்ல எங்க ஐயா கொடுப்பாரு" என்றார்.

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்காவுக்குச் சந்தேகம். "தாத்தா, ஊர்க் கருங்குரங்குக்கு இம்மாம் நீளம் வால் இருக்குமே. இதுக்கு வாலே கெடையாதே?"

"வாலையா அரைச்சுக் குடிக்கப் போறோம்? நெஞ்சப் பாரு. மலை அதிர அந்தக் கத்துக் கத்துதே, என்னைக்காவது அதுக்கு மூச்சு வாங்கிப் பாத்திருக்கியா?"

எல்லாவற்றுக்கும் "அப்படி இல்லை" சொல்லும் அண்ணன்கூட வாயை மூடிக்கொண்டார். சுவரில் சாய்ந்திருந்த அம்மாவைப் பார்த்தால் யாருக்குத்தான் வாதம் செய்யத் தோன்றும்?

வீட்டில் இருந்த உப்பு அத்தனையையும் துணியில் முடிந்துகொண்டு அண்ணன் பா லாங்கைத் தேடிப் போனார். நானும் கூடப் போனேன். பா லாங் முடிச்சைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அவருடைய பெத்தாய் மரங்கள் நின்ற இடத்தைக் கை காட்டி, "அதை நீதானே வெட்டினாய்?" என்று மலாயில் கேட்டார். அண்ணன் ஆமாம் என்றார். அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டு உப்பை வாங்கி உள்ளே வைத்தார். மறுநாள் ஆண் குரங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வாசலில் கிடத்தினார். "இது ஒன்றுதான். பெண்ணிடம் குட்டி இருக்கிறது, அதை நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். உப்பு குறைவு என்று உட்காரவில்லை. சில நாளில் தன் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளந்தான் பக்கம் போய்விட்டார். இங்கே அவருக்கு என்ன இருந்தது?

கருப்பட்டிக்குப் பதில் சர்க்கரைவள்ளிச் சாற்றைக் காய்ச்சி, பண்டாரத் தாத்தா லேகியம் கிண்டினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு "முருகா" என்று விழுங்கினார். அந்த வாரமே மழை பிடித்தது. தீ அணைந்தது, புகை போனது, அம்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். இதில் எதை எதோடு சேர்க்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள் பார்ப்போம். லயத்தில் ஒருவர்கூட மழையைச் சேர்க்கவில்லை. எல்லோரும் குரங்கைச் சேர்த்தார்கள். அன்றைக்கு நாங்களும்தான்.

அதற்கப்புறம் எங்கள் வாசலில் கூட்டம். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு இருமல், ஒரு பிள்ளைக்குக் கக்குவான். குரங்கு மருந்து வேண்டும். பள்ளத்தில் பெண் குரங்கும் குட்டியும் வளர்ந்த ஒன்றும் இருந்தன. பா லாங் இல்லாததால் மர உச்சிக்கு அம்பு ஊத ஆளில்லை. மரத்தை வெட்டினால் இறங்கித்தானே ஆக வேண்டும் என்று யாரோ யோசனை சொன்னார்கள். அண்ணன், "அது நம்ம குடிக்கிற தண்ணி வர்ற இடம்" என்று தடுத்துப் பார்த்தார். அதற்கு ஒரு தகப்பன், "ஒங்கம்மாவுக்கு மட்டுந்தான் மூச்சா? எம்புள்ளைக்கு இல்லையா?" என்று கேட்டார். அண்ணன் கோடாலியை எடுத்துக்கொண்டு போனார். அவரைவிட நன்றாக மரம் வெட்டுகிறவர் லயத்தில் இல்லை என்பதும் அவர் தலையெழுத்து.

சுற்றி வெட்டிக்கொண்டே வந்து கடைசியில் ஒற்றை மரம் நின்றதாம். அதற்கு மேல் அவர் சொல்லமாட்டார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை, அண்ணி இறந்த பிறகு, "தரையில அதுக்கு நடக்கத் தெரியல பாப்பா, கையத் தூக்கிக்கிட்டு நம்ம புள்ளைங்க மாதிரி தத்தித் தத்தி வந்துச்சு" என்று சொன்னார். குட்டியைப் பேச்சியம்மா அக்கா கிழங்குக் கஞ்சி ஊட்டி வளர்க்கப் பார்த்தார், தங்கவில்லை. எங்கள் பங்குக்கு மூடி போட்ட பீங்கான் மங்கு ஒன்று நிறைய லேகியம் வந்தது. ஓடையும் சீக்கிரமே வற்றி, நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த பள்ளத்துக்கு நடந்தோம். காலையில் கிழங்குக் காட்டில் களை எடுக்கும்போது அம்மா நிமிர்ந்து, "குரங்கு கூவலையே, கஞ்சி நேரம் ஆகலையா?" என்று கேட்பார். அண்ணன் களைக்கொத்தை ஓங்கி மண்ணில் போடுவார். அம்மா மறந்துபோய்த்தான் கேட்பார், ஆனால் தினமும் மறப்பார்.

அடுத்த வெயில் காலத்தில் பக்கத்து மலையை வெட்டித் தீ வைத்தார்கள். அம்மாவுக்கு மறுபடி இளைப்பு. மங்கைத் திறந்து காலையும் மாலையும் கொடுத்தோம். கேட்கவில்லை. "அளவக் கூட்டு" என்றார் பண்டாரத் தாத்தா. கூட்டினோம். அம்மாவின் உதடு நீலம் பாய்ந்தது. ஒரு மதியம் அண்ணன் தீ போடும் வேலையிலிருந்து கரியும் சாம்பலுமாக ஓடிவந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மாவுக்கு அந்த நிமிடமே இருமல் பொத்துக்கொண்டு வந்தது. "தள்ளிப் போடா, கிட்ட வராத" என்று கையால் விலக்கினார். அண்ணன் வாசலுக்குப் போய் நின்றார். தன் சட்டையை இழுத்து மோந்து பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, "பாப்பா, கிளம்பு" என்றார்.

அம்மாவைச் சாக்குத்துணியில் வைத்து முதுகில் கட்டிக்கொண்டார். அம்மா மூச்சுக்கு நடுவே "மங்கு, மங்கு" என்றார். நான் அதை எடுத்துக்கொண்டேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தானா ராத்தா டவுனுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் மூன்று பேரும் ஏறினோம். வழியில் வேர் தடுக்கி நான் விழுந்தேன். மங்கு கல்லில் பட்டு உடைந்து, லேகியம் முழுவதும் மண்ணில் கொட்டியது. அம்மா செத்துவிடுவார், நான்தான் கொன்றேன் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "விட்டுத் தொலை, வா" என்று ஏறிக்கொண்டே இருந்தார்.

மேட்டைக் கடந்தோம். அந்தப் பக்கத்துக் காற்று முகத்தில் அடித்தது. ஈரக் காற்று, புகை வாசம் துளிகூட இல்லை. இறக்கத்தில் பாதி தூரம் போவதற்குள் அம்மாவின் மூச்சுச் சத்தம் குறைந்தது. தானா ராத்தாவில் கடை வைத்திருந்த ராவுத்தர் ஐயா, அப்பாவைத் தெரிந்தவர், எதுவும் கேட்காமல் கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தார். அன்று மாலை அம்மா எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதுடா" என்றார். லேகியம் இல்லை, குரங்கு இல்லை, ஒன்றும் இல்லை. அண்ணன் கதவில் சாய்ந்து நின்று அழுதார். நான் சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

மழை வந்த பிறகு லயத்துக்குத் திரும்பினோம். அண்ணன் கோயில் முன்னால் எல்லோரையும் நிறுத்திச் சொன்னார்: "புகைதான்! புகையாலதான் எளப்பு வந்துச்சு, புகை போனதும் போயிருச்சு. நாம குரங்கக் கொன்னது வெட்டிக்கு. நாந்தான் வெட்டுனேன், நானே சொல்றேன்!"

பண்டாரத் தாத்தா அசரவே இல்லை. "தம்பி, முன்னாடி தின்ன மருந்து ஒடம்புல ஊறி, அங்க போயித்தான் வேலை செஞ்சிருக்கு" என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. அதைக்கூடப் பொறுக்கலாம். அம்மா இருக்கிறாரே, பெற்ற தாய், மேட்டைத் தாண்டி முதுகில் தூக்கிப் போனவனின் முகத்துக்கு நேரே, "பெரியவரு சொல்றதுதாண்டா சரி. அந்தக் குரங்கு கொடுத்த மூச்சுதான் இது" என்றார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, "நான் எங்க போயி முட்டிக்கிறது?" என்று கேட்டார். இன்றைக்கு எனக்கும் அதே கேள்விதான்.

அண்ணனுக்கு அது வெறும் வாதம் இல்லை. மருந்துதான் வேலை செய்தது என்றால், அந்தக் குடும்பத்தை அழித்ததற்கு ஒரு நியாயமாவது இருக்கும். புகைதான் காரணம் என்றால் அதுவும் இல்லை. பேசாமல் ஊர் சொன்னதை ஒப்புக்கொண்டிருந்தால் நல்ல பிள்ளை என்ற பேரோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். அந்த நிம்மதி எனக்கு வேண்டாம் என்று நின்றவர் எங்கள் அண்ணன். அவருடைய பெரிய குணம் அதுதான். நீங்கள் எல்லோரும் சேர்ந்து, பாராட்டுகிறோம் என்று சொல்லி, அதைத்தான் அவரிடமிருந்து பிடுங்குகிறீர்கள்.

சரி, காட்டை வெட்டினதற்குக் கிழங்காவது வந்ததா? மரவள்ளி விரல் தடிமனுக்கு மேல் போகவில்லை. அதிலும் பாதியைப் பன்றி தின்றது. சண்டை முடிந்து வேறொரு துரை வந்தபோது பின்மலை முழுவதும் லாலாங் புல். இன்றுவரை அங்கே ஒரு குரங்கு கூவி நான் கேட்கவில்லை.

அண்ணன் அதற்குப் பிறகு காடு வெட்டப் போகவில்லை. எஸ்டேட்டில் தச்சு வேலை கற்றுக்கொண்டார். கல்யாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார், அண்ணியோடு ஒரு நாள் கூடச் சண்டை போடாமல் இருந்ததில்லை, ஒரு நாள் கூட அவர் கையால் சாப்பிடாமலும் இருந்ததில்லை. அவர் செய்த நல்ல காரியம் என்று இந்த மலரில் போட வேண்டுமானால் ஜன்னலைப் போடுங்கள். யாராவது வந்து, "அண்ணே, புள்ளைக்கு எளப்பு, அந்தக் குரங்கு எங்க கெடைக்கும்?" என்று கேட்டால் போதும், முகம் சிவந்துவிடும். வாளையும் உளியையும் எடுத்துக்கொண்டு அவர்களுக்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய் நிற்பார். "அடுப்பு எங்க இருக்கு? புகை எப்படிப் போகுது?" என்று திட்டிக்கொண்டே சுவரைப் பிளந்து ஜன்னல் வைத்துவிட்டுத்தான் திரும்புவார். எங்கள் லயத்தில் அவர் ஜன்னல் இல்லாத அடுப்படி கிடையாது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, காற்றாட உட்கார்ந்து, கருங்குரங்குக் கதையையே பேசுகிறார்கள்!

கடைசி வருடத்தில் அண்ணனுக்கே மூச்சு முட்டியது. வயதான நெஞ்சு, டாக்டர் மறைக்காமல் சொன்னார். தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, வீட்டில்தான் இருப்பேன் என்று வந்துவிட்டார். அப்போது கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் என் சின்னம்மா மகன், எனக்குத் தம்பி முறை, கையில் ஒரு புட்டியோடு வந்தான். "அண்ணே, கருங்குரங்கு எண்ணெய். அசல் லா. எங்கெங்கயோ சொல்லி வெச்சு வாங்கிட்டு வந்தேன்." அவன் அன்பில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணனின் முகத்தை நான் பார்த்தேன். "அப்படி இல்லை" என்று சொல்ல உதடு அசைந்தது, மூச்சு வரவில்லை. எழுபது வருடம் சொன்னதை, கடைசியில் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல முடியாமல் போனது. கையைத் தூக்கி ஜன்னலைக் காட்டினார். நான் திறந்து வைத்தேன். அந்த வாரமே போய்விட்டார்.

அவரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், காரியங்களுக்கு முறை தவறாமல் நின்ற பங்காளிகளுக்கும், பந்தல் முதல் பாத்திரம் வரை சுமந்த லயத்துப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. சாக்கு அறையை ஒழித்துக் கொடுத்த ராவுத்தர் ஐயாவின் பேரப்பிள்ளைகள் அண்ணனின் இறுதி ஊர்வலத்துக்குக் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள், அதை நாங்கள் மறக்க மாட்டோம். பா லாங்கின் வழி வந்தவர்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. இருக்கும் இடத்தில் அவர்களுக்கு மரம் மிஞ்சியிருக்க வேண்டும்.

கம்போங் ராஜாத் தம்பிக்குத் தனியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். பதினாறாம் நாள் பந்தி முடிந்ததும் நீ என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் புட்டி மிச்சம் இருக்கா? பேத்திக்கு ராத்திரியெல்லாம் எளப்பு" என்று கேட்டாய். நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லி உன் வீட்டுக்கு வந்தேன். குழந்தை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாள், எங்கள் அம்மா மாதிரியே. அண்ணன் செய்வதைத்தான் நானும் செய்தேன், போய் ஜன்னலைத் திறந்தேன். புகை உள்ளே வந்தது. உன் வீட்டுக்குப் பின்னால் புதிதாக வெட்டிய மலைச்சரிவில் வேரும் கட்டையும் எரிந்துகொண்டிருந்தன. முட்டைக்கோசு போடப் போகிறாய் என்று உன் மனைவி சொன்னாள்.

உன்னிடம் புகை என்று சொன்னால் நீ கேட்டிருப்பாயா? அதனால்தான், "இந்த மருந்துக்குப் பத்தியம் இருக்கு, புள்ளைய என்கூட அனுப்பு" என்றேன். உடனே அனுப்பி வைத்தாய். வருடம் நெருங்கியும் உன் பேத்தி இன்னும் இங்கேதான், அண்ணன் வைத்த ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்து விடியும்வரை அசையாமல் தூங்குகிறாள். கருங்குரங்கு எப்படிக் கூவும் என்று கேட்டாள், இந்த வயதில் தொண்டையை உப்பிக்கொண்டு கூவிக் காட்டினேன். அவள் பின்வாசலில் நின்று தேயிலையைப் பார்த்து ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் கூவுகிறாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

போன வாரமும் போன் செய்து, "பாத்தியா அக்கா, மருந்து நல்லா வேலை செய்யுது லா" என்றாய். அப்படி இல்லை தம்பி. நீ கொடுத்த புட்டியை நான் உன் வீட்டிலிருந்து வந்த அன்றே வாய்க்காலில் கொட்டிவிட்டேன். அம்மாவின் மங்கு என் கையிலிருந்து தவறி விழுந்தது. இது தவறி விழவில்லை.